கையில் நாலு

ஸியெமோவித்தான் எப்போதும் எண் எழுதுவார்,
கறுப்பு மார்க்கரால், புறங்கையில்.
மை உறையாதிருக்க
பேனாவை அக்குளில் செருகி வைத்திருப்பார்.
இன்று எனக்கு நாலு.
கட்டோவிட்ஸெ, மூடிய மின்நிலையத்தின் பின்வாசல்,
பகல் இரண்டு மணி, பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
கதவு திறக்க இன்னும் ஐந்து மணி நேரம்.

முதல் பத்துப் பேரும் தெரிந்த முகங்கள்.
யாருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.
எனக்கு முன்னால் நிற்பவள் பல் செட்டு செய்கிறவள் என்பது
பத்தொன்பதாவது வருஷம் தெரிந்தது,
அதுவும் என் பல் உடைந்ததால்.

நான் வூச் நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
இன்றைய விடுப்புக்கு எழுதிய காரணம், அத்தை சாவு.
"உனக்கு எத்தனை அத்தை, ஹால்ஷ்கா?" என்றார் மேலதிகாரி.
எழுபத்தொன்று என்று சொல்லவில்லை.
இது எழுபத்தொன்றாவது கச்சேரி.

நனைந்த தீக்குச்சிகள்.
நாலு பேர், வானொலி ஏறிய ஒரே பாட்டு.
அதற்காக வருகிறவர்கள் பின்னால் நின்று பீர் குடிப்பார்கள்,
அது தொடங்கினால் கைப்பேசியைத் தூக்குவார்கள்,
முடிந்தால் கோட்டு வாங்கப் போய்விடுவார்கள்.
அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.
கொஞ்சம் உண்டு.

நான் காத்திருப்பது வேறொன்றுக்கு.
இரண்டாம் இசைத்தட்டு, பின்பக்கம்,
கடைசிக்கு முந்தையது: கதவில்லாத லிஃப்ட்.
இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டே முறை வாசித்தார்கள்.
முதல் முறை நான் பிரசவ வார்டில்.
இரண்டாம் முறை
போஸ்னானுக்கு வெளியே, வயலில் நின்ற ரயிலில்.

ஹூபெர்ட் இப்போது மூக்குக்கண்ணாடி போட்டுத்தான்
பாட்டு வரிசையைப் படிக்கிறான்.
க்னியெவோஷ் முழங்காலில் பட்டை கட்டி முரசடிக்கிறான்.
முதல் அடி விலாவுக்குள் விழுந்தது.
வாடகை, மகனின் கணக்கு மதிப்பெண், மாற்ற வேண்டிய பிரேக் கட்டை,
எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

ஒன்பதாவது பாட்டில்
என் தோளுக்குக் கீழே ஒருத்தி சரிந்தாள்.
பதினாறு இருக்கும்.
கையில் எண் இல்லை, எப்படியோ முண்டியடித்து வந்தவள்.
காவலர்கள் தடுப்புக்கு மேலே தூக்கினார்கள்.
என் சட்டைக் கையை அவள் விடவில்லை.
நானும் போனேன்.

கோட்டு அறைக்கு அடுத்த நடைவழி, பச்சைச் சுவர்.
அவள் கால்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்,
பூட்ஸே இரண்டு கிலோ இருக்கும்.
காலையிலிருந்து சாப்பிடவில்லையாம்.
பையில் கிடந்த பால் மிட்டாயைப் பிரித்துக் கொடுத்தேன்.
அப்போது சுவருக்குள்ளிருந்து
நாலு அடி, ஒரு இடைவெளி, மூன்று அடி.

அடப்பாவிகளா.

கான்கிரீட் முரசை விட்டது, பேஸ் கிதாரை விட்டது,
வேறெதையும் விடவில்லை.
மற்றதெல்லாம் என்னிடம் இருந்தது:
ஹூபெர்ட் மூச்சு வாங்கும் இடம்,
இரண்டாம் சரணத்தில் தவறி, தவறாகவே பதிவாகிப்போன
அந்த ஒற்றை நரம்பு.
சுவர் பாதி, நான் பாதி.
எழுந்து ஓடினால் முப்பது அடி.
மடியில் பூட்ஸ்.

"இது என்ன பாட்டு?" என்றாள்.
"பெரிதாக ஒன்றுமில்லை. படு."
இவ்வளவு பெரிய பொய்யை
எந்த அத்தையின் சாவுக்கும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது தடுப்போரத்தில்
என் அகலத்துக்கு ஒரு வெற்றிடம்.
எண்ணூறு பேர் நெருக்கிய அரங்கில்
ஸியெமோவித் ஒரு பக்கம், பல்காரி ஒரு பக்கம்
முழங்கையை ஊன்றி நின்றார்கள்.
அவர் முகம் நனைந்திருந்தது. வியர்வை என்றே வைத்துக்கொண்டேன்.
"கேட்டதா?"
"கேட்டது."
மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.
மேடையில் வானொலிப் பாட்டு தொடங்கியது,
பின்னால் கைப்பேசிகள் முளைத்தன.
அன்றைக்கு நானும் அதைப் பாடித் தொலைத்தேன்.

விடிகாலை ஐந்து பத்து, முதல் டிராம்.
சோப்புக்கு மை அசையவில்லை.
குடித்துவிட்டு வீடு திரும்பும் ஒருவன்
நெம்புகோல்மேல் இருந்த என் கையைப் பார்த்துக் கேட்டான்,
"நாலாம் நம்பர் வண்டியா?"
"இல்லை, பதினொன்று."
பரவாயில்லை என்று ஏறி உட்கார்ந்துகொண்டான்.