பதினொன்றாவது வரி

பயிற்சி என்பது எட்டு நிமிடப் படம்.
ஐந்தாவது நிமிடத்தில் உறைந்துபோகும்;
அங்கேயே விட்டுவிடுவார்கள்.
முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி
தூக்கிக் காட்டியவன் தூக்கியது
காலிப் பெட்டி.
முகத்தில் எடை இல்லை, பார்த்ததும் தெரிந்தது.

கனமானது கீழே, லேசானது மேலே
என்றான் அவன்.
பெல்ட்டுக்கு அந்தப் படத்தை
யாரும் போட்டுக் காட்டவில்லை.
அது முதலில் தலையணைகளை அனுப்பும்,
பிறகு பூனை மணல் மூட்டைகளை,
பிறகு யாரோ வாங்கிய
லாரி டயர் இரண்டு.

டொலீடோ, ஒஹாயோ. ஜனவரி.
பின்னிரவு மூன்றரை.
டிரெய்லரின் இரும்புத் தரை
பூட்ஸைத் தாண்டிக் கடிக்கிறது.
நான் சேர்ந்து பத்தொன்பது நாள்.
அதனால் மூத்தவள்.

மார்லிஸ் அட்டையும் பேனாவும் நீட்டினாள்:
"இவன் நெவின் ஹாஸ்கோ. நீதான் பயிற்சியாளர்.
பதினாறு வரி. வண்டி நாலு ஐம்பதுக்குக் கிளம்புது."
அவளைக் குறை சொல்லவும் முடியாது.
எட்டுப் பேர் வரவேண்டிய இரவில்
ஐந்து தலையைத்தான் எண்ணியிருந்தாள்.

கையுறை இயந்திரத்தில் விற்கிறது, நாலு டாலர்.
நெவினுக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்தேன்.
பயிற்சியில் நான் உருப்படியாகச் செய்தது
அது ஒன்றுதான்.

பேனாவை வாங்கியவன்
தாளைப் படிக்கத் தொடங்கினான். பாவம்.
படிக்கிறவனை அங்கே நான் பார்த்ததில்லை.
தலையாட்டிக்கொண்டே வந்து
பதினொன்றில் நின்றான்.
"பெல்ட்டை நிறுத்துற சிவப்புக் கயிறு எங்கே?"

எனக்கும் யாரும் காட்டியதில்லை.
என் தாளிலும் அந்த வரிக்கு எதிரே
சுருக்கொப்பம் இருக்கிறது.
"அதோ, அந்தப் பக்கம்" என்று கை நீட்டினேன்.
வழி கேட்டவரிடம் தெரியாதென்று சொல்லக் கூசி
ஏதோ ஒரு தெருவைக் காட்டுவோமே, அப்படி.
அவன் அந்தப் பக்கம் பார்த்தான்.
நன்றி என்றான்.

நாலு இருபதுக்குச் சுவர் சரிந்தது.
நாங்கள் கட்டிய சுவர்தான்.
தலையணைமேல் பூனை மணல்,
அதன்மேல் அவசரம்.
விழுவதைத் தடுக்க ஒரு கையை நீட்டினான்,
தான் விழாமலிருக்க இன்னொன்றை ஊன்றினான்,
உருளைகளுக்கு நடுவே.

அவன் கத்தியது எனக்குக் கேட்கவில்லை.
வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான்.
நான் கைகாட்டிய இடத்துக்கே ஓடினேன்.
அங்கே ஒரு தீயணைப்பான் தொங்கிக்கொண்டிருந்தது.
பெட்டிகள் வந்து வந்து அடைத்து
பெல்ட் தானாகவே திணறி நின்றது.
அதை நிறுத்தியது
நாய்த் தீனி.

மூன்று விரல். ஒன்றை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் ஒருவர், சட்டை மடிப்புக் கலையாதவர்,
அந்தத் தாளை மேசையில் வைத்துத் தட்டினார்.
பதினொன்றாவது வரி.
இடப்பக்கம் நெவினின் சுருக்கொப்பம்,
பத்து விரல் இருந்தபோது போட்டது.
வலப்பக்கம் என்னுடையது,
"காட்டப்பட்டது" என்ற சொல்லுக்குக் கீழே.
யார் காட்டியது, யார் கண்டது
என்று சொல்லத் தேவையில்லாத சொல்.

கயிற்றை நானே தேடிப் போனேன்,
சம்பளமில்லாத அரை மணி நேரத்தில்.
ஆறாம் தூணுக்குப் பின்னால் இருந்தது.
யாரும் தவறுதலாக இழுத்துவிடக்கூடாதென்று
பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.
பெட்டி வெட்டும் கத்தி என் இடுப்பில் இருந்தது.

அடுத்த செவ்வாய் இன்னொருத்தி. ஒடெட் ப்ராஷ்.
மறுபடி அட்டை, மறுபடி பேனா.
முதல் பத்து வரியையும் விட்டுவிட்டு
நேரே தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.
"இதுதான்."
"வேலை செய்யுமா?"
நியாயமான கேள்வி.
"இழு."

இழுத்தாள்.
மூன்றாம் வரிசை முழுவதும் நின்றது.
எங்கோ ஒரு ரேடியோ
இத்தனை நாளும் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.
யாரோ இருமினார்கள்.
மார்லிஸ் என் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவது
தூரத்திலிருந்தே கேட்டது.

ஐம்பத்திரண்டு விநாடி நின்றதாம்.
என் கோப்பில் எழுதியிருக்கிறார்கள்.
அந்தக் கணக்கு சரிதான்.