பதினோராவது வாரம்

முட்டையில் பாதி கம்சலா வீட்டுடையது,
அடைக்கு உட்கார்ந்தது எங்கள் சிறுவிடை.
பொரித்தது ஏழு.
பருந்துக்கு நான்கு, அடைமழைக்கு ஒன்று,
காரிமங்கலம் போகிற அவசரத்தில் ஒரு பைக்குக்கு ஒன்று.
மிச்சம் இது.

அப்பன் யாரென்று கேட்டால்
தெருவே கை காட்டும், ஆளுக்கொரு திசையில்.
கம்சலாவுக்குச் சந்தேகமே இல்லை:
மருமகன் ஓசூரிலிருந்து கூடையில் கொண்டுவந்த கடக்நாத்.
"காலைப் பாரு, கருங்கல்லு மாதிரி."
கால் கறுப்புதான்.
அலகைப் பிரித்து டார்ச் அடித்தேன்,
நாக்கு கொய்யாப்பழம்.

கழுத்தில் இரண்டு விரற்கடைக்கு இறகில்லை,
முன்பக்கம் மட்டும் ஒரு குஞ்சம், டை கட்டியதுபோல.
அது மேலத்தெரு கழுத்தறுப்பான் போட்ட கையெழுத்து.
வாலடியில் வெள்ளை.
அதற்கு என் மகள் ரூபிணி பொறுப்பு:
தருமபுரி பஸ் ஸ்டாண்டில் அழுது வாங்கிய
பச்சைச் சாயக் குஞ்சு,
விடிந்தால் செத்திருக்கும் என்று நானே சொன்னது,
சாயம் வெளுத்து லெகான் சேவலாகி
போன தைவரைக்கும் கூரைமேல் நின்று கூவியது.

ஒரு குஞ்சுக்கு மூன்று அப்பன் ஆகாது,
எனக்கும் தெரியும்.
தாயாதி வழியில் எது எது வந்ததோ.

அது போகட்டும்.
சேவலா, பெட்டையா?

பெட்டை என்றால் இருக்கும்.
சேவல் என்றால் ஞாயிற்றுக்கிழமை,
கொழுந்தனார் குடும்பத்தோடு வருகிறார்.

ஆறாம் வாரமே பூ சிவந்திருந்தால் சேவலாம்.
இதன் பூ வேர்க்கடலைத் தோல் நிறத்தில்
நின்றது நின்றபடி.
தலைகீழாகப் பிடித்தால்
சேவல் தலையைத் தூக்குமாம், பெட்டை தொங்கவிடுமாம்.
பிடித்தார் என் வீட்டுக்காரர்.
அது அவர் சட்டையில் எச்சமிட்டது.
கறிக்கடை மாதையனிடம் காட்டியதில்
அவன் பார்த்தது ஆணையும் இல்லை பெண்ணையும் இல்லை.
"முக்கா கிலோ நிக்கும்க்கா."

நான் வேலை பார்ப்பது பாலக்கோட்டில், ஸ்கேன் சென்டரில்.
ரசீது எழுதுவேன், பெயர் கூப்பிடுவேன்,
தண்ணீர் குடித்துவிட்டு உட்காரச் சொல்வேன்.
என் தலைக்குமேல் ஒரு பலகை,
ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது,
ஒன்பது வருடமாக அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
உள்ளே என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.
ஆனால் வெளியே வருகிறவர்கள்
என் முகத்தில்தான் தேடுவார்கள்.
"என்ன கலர்ல துணி எடுக்கட்டும்க்கா?"
"லட்டா வாங்கலாமா, ஜிலேபியா?"
ஒரு மாமியார் ஒன்றுமே கேட்கவில்லை,
நான் பேனாவை எந்தக் கையில் எடுக்கிறேன் என்று பார்த்தாள்.
அதன்பிறகு புருவத்தைக்கூட
வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.

பதினோராவது வாரம், வெள்ளி இரவு,
பஞ்சாரத்தைத் தூக்கி மடியில் வைத்து
முதுகிறகை ஒவ்வொன்றாக ஒதுக்கினேன்.
வட்டம், வட்டம், வட்டம்.
வால் இறங்குகிற இடத்தில்
ஒன்றே ஒன்று,
புதுசு, குருத்து உறையிலிருந்து பாதி வந்தது,
செம்புக் கம்பி போல மினுக்கி
நுனி கூராக.

விரலால் அழுத்தி மற்றவற்றின் அடியில் படியவிட்டேன்.
அது என் கட்டைவிரலைக் கொத்தவில்லை,
கண்ணைக் கீழிருந்து மேலாக மூடியது.

"என்ன, தெரிஞ்சுதா?" உள்ளிருந்து குரல்.
"இன்னும் ரெண்டு வாரம் போகணும்" என்றேன்
ரசீது கொடுக்கிற முகத்தோடு.

ஞாயிறு விடிய ஐந்தேகாலுக்கு
பஞ்சாரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம்,
துருப்பிடித்த அடிபம்பை
யாரோ ஒரே ஒரு தடவை அழுத்தியதுபோல.
பிறகு, சந்தேகப்பட்டு, இன்னொரு தடவை.

கட்டிலில் அவர் புரண்டார்.
நான் ஓடிப்போய் மிக்ஸியைப் போட்டேன்.
ஜாருக்குள் ஒன்றும் இல்லை.