இறக்கையின் உட்புறம்

புந்தா அரேனாசில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
கிடங்கின் தகரம் அடித்துக்கொண்டே இருக்க
கையுறை மாட்டிய விரல்களால்
அந்தத் துணி இறக்கையைப் புரட்டிப் போட்டோம்
யஸ்னா, ரோசமெல், நான்.

விமானியின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.
ஒரு தெருவே இருக்கிறது.
விழுந்த தேதி தெரியும்,
தபால் மூட்டையின் எடைகூடத் தெரியும்.
சம்பளப் பேரேட்டில் மட்டும் ஒரு வரி:
தையல், இருவர், பதினோரு நாள்.
இருவர். அவ்வளவுதான்.

ரோசமெல் தையலை எண்ண ஆரம்பித்தான்.
விரற்கடைக்கு எட்டு.
முனைக்குப் பக்கத்தில் ஒரு முழம் மட்டும் ஆறு.
"இங்கே கை மாறியிருக்கு" என்றாள் யஸ்னா.
"விளக்கு மங்கியிருக்கும்" என்றேன்.
காப்பி ஆறும்வரை சண்டை.

அப்புறம்தான் உருப்பெருக்கியில் பட்டது:
மெழுகு நூலோடு ஒட்டி
துணிக்குள் இறங்கி, மேலே வந்து,
மறுபடி இறங்கியிருந்தது
நீளமாய் ஒரு தலைமுடி.

தகரச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

படிவத்தில்
"பறந்தவர் எண்ணிக்கை" என்ற கட்டத்தில்
ஒன்றை அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதினாள் யஸ்னா.
பென்சிலால்தான்.
அந்த ஆறு தையல்காரர் யாரென்று
இன்னும் முடிவாகவில்லை.