நாற்பத்தாறு

ஓணத்துக்கு ஆறு நாள் இருந்தது.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து டேங்கர்கள்
இரவு இரண்டு மணிக்கும் வந்து நின்றன
மீனாட்சிபுரம் சாவடியில்.
வால்வைத் திறந்து நூறு மில்லி பிடித்து
யூரியா உண்டா, உப்பு உண்டா,
மடிநோய் கண்ட மாட்டின் பால் கலந்திருக்கிறதா
என்று பார்ப்பது என் வேலை.
தட்டில் மருந்தூற்றிச் சுழற்றினால்
சீழுள்ள பால் கோழை கட்டும்.
எட்டு வருடத்தில் ஒன்றும் தப்பியதில்லை.

என் வாய்க்குள் மட்டும் யார் பார்ப்பது.

முதலில் குளிர்ந்த தண்ணீர் கூசியது.
பிறகு சூடான சாயா;
குடித்து வைத்த பின்னும் அரைமணி நேரம்.
நின்றால் ஒரு வலி, படுத்தால் இரண்டு.
தலையணைக்குள் ஜெனரேட்டர் ஓடியது.
காதா பல்லா என்றே தெரியவில்லை.
டேங்கர் சென்னியப்பன் கிராம்பு கொடுத்தார்:
"கடிச்சு வெச்சுக்குங்க, விடியறவரைக்கும் தாங்கும்."
விடியும்வரை தாங்கியது.
மாத்திரையைப் பொடித்து ஈறில் வைத்தேன்.
ஈறு வெந்ததுதான் மிச்சம்.

புதன்கிழமை வலி நின்றது,
கரண்ட் போன மாதிரி, சட்டென்று.
ஆறிவிட்டது என்று
அன்றைக்கு இரண்டு பரோட்டா தின்றேன்.
உள்ளே நரம்பு செத்ததற்கு
நான் விருந்து வைத்திருக்கிறேன்.

வியாழன் காலை
லாரியின் பக்கக் கண்ணாடியில் வேறொருத்தி.
ஒரு கன்னம் மட்டும் அவளுக்கு வயதில் மூத்தது.
தாடைக்கடியில் நெல்லிக்காய் அளவு கட்டி,
காய்ச்சல்,
நாக்கில் உப்பும் துருவுமாய் ஒரு கசிவு.

கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
"நீருண்டல்லோ," என்றார் டாக்டர் ஷிஜி.
எனக்கு இரண்டு மொழியும் தெரியும்.
ஆனாலும் வலிக்கும்போது காது வீட்டுக்குப் போய்விடுகிறது.
வீட்டில் நீர் என்றால் குடிப்பது,
இங்கே வீக்கம்.
வீட்டில் பழுப்பு, காய்ந்த இலையின் நிறம்.
இங்கே சீழ்.

படத்தில் வேரின் நுனியில்
மிளகளவு இருட்டு.
"நாற்பத்தாறு," என்றார் உதவிக்கு நின்ற பெண்ணிடம்.
வண்டிக்குப் போல் பல்லுக்கும் நம்பர் இருக்கிறது.
"பிடுங்கணுமா?"
"வேண்டா. பல்லு நிக்கட்டே.
உள்ளிலுள்ளது களஞ்ஞால் மதி."

பழுத்த இடத்தில் ஊசி பாதிதான் பிடிக்கும்
என்று முன்பே சொல்லியிருந்தார்.
பாதிதான் பிடித்தது.
நாற்காலியின் கையை நான் பிடித்தேன்.
துளை விழுந்ததும் ஒரு நாற்றம்.
என் தொழிலில் எனக்கு நன்றாகத் தெரிந்த நாற்றம்.
அழுத்தம் இறங்கிய வேகத்தில்தான் அழுதேன்.
அவர் வலி என்று நினைத்து நிறுத்தினார்.
நிறுத்தாதீங்க என்று கை காட்டினேன்.

எட்டு மணிக்கொரு மாத்திரை, ஐந்து நாள்.
நீர் வற்றினாலும் நடுவில் விடக்கூடாது.
விழுங்க முடியாமலோ மூச்சு முட்டியோ போனால்
ராத்திரி என்று பார்க்காமல் பாலக்காட்டு ஆஸ்பத்திரி.
வேரைக் கழுவி அடைக்க இன்னும் இரண்டு தடவை,
பிறகு தொப்பி, மூவாயிரம்.

அன்றிரவும் ட்யூட்டி.
சென்னியப்பன் வண்டிப் பாலில் பட்டையை முக்கினேன்.
இரண்டு கோடு வந்தால் நல்ல பால்.
ஒரு கோடு என்றால்
மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் இறங்கியிருக்கிறது,
திருப்பி அனுப்ப வேண்டும்.
"உங்களை அதுல முக்கினா என்னங்க வரும்?"
சிரிக்க வாய் ஒரு விரல்தான் திறந்தது.
"ஒரு கோடு," என்றேன்.

அவருக்கு இரண்டு.
தடுப்பைத் தூக்கச் சொல்லிவிட்டு
பதினைந்தில் மூன்றாவதை விழுங்கினேன்,
நீரில்.
குடிக்கிற நீரில்.