ஆறு மணி வித்தியாசம்

அடிஸ் அபாபாவில் இறங்கும்போது
என் கடிகாரத்தில் காலை ஏழு.
டாக்ஸிக்காரர் ஸெரிஹுனின் கையில் ஒன்று.
பழுதில்லை, என்றார்,
நாங்கள் விடிந்த பிறகுதான் எண்ணத் தொடங்குவோம்.

அடுத்த விமானம் இரண்டுக்கு. அவருக்கு அது எட்டு.
விரல்விட்டுப் பார்த்தோம்:
எப்படிக் கூட்டினாலும் ஏழு மணி நேரம்தான்.

அருங்காட்சியகத்தில் மின்சாரம் இல்லை.
மலைப்பாதையில் டயர் பஞ்சர்.
ஜாக்கி கேட்டு அவர் லாரிகளை மறிக்க,
எதிரே நீலத் தகரக் கடை,
தரையெல்லாம் ஈரப் புல்.

முலுனேஷ் பச்சைக் கொட்டையை வறுத்து
சட்டியை என் மூக்கருகே நீட்டினாள்.
புகையை இரு கையாலும் அள்ளிக்கொண்டேன்.

முதல் கோப்பை நெஞ்சு வரை கசந்தது.
இரண்டாவதில் மகனின் படம் காட்டினாள்,
பின்னால் ஏதோ ஊரின் புறப்பாட்டுப் பலகை.
பாஸ்போர்ட்டைத் தடவிக்கொண்டு எழுந்தேன்.
தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

மூன்றாவதுதான் ஆசீர்வாதம்,
என்றார் கிரீஸ் கையோடு வந்த ஸெரிஹுன்.
மணி என்ன ஆச்சு?
யாருடைய மணி?

கதவடைக்கும் முன் கடைசி ஆளாக ஓடி ஏறி
பெல்ட்டுக்குக் குனிகிறேன்:
காலுறையில்
இன்னும் வாடாத ஒரு புல்.