ஏழாவது மாதிரி

புதுவயல் ரோட்டில் என் கடைக்கு
சீட் கவர் கடை என்றுதான் பெயர்.
புல்லட் சீட், ஆட்டோ கூரை, டிராக்டர் மெத்தை.
இன்ஹேலருக்கும் உறை தைக்கப்படும் என்று
போர்டில் எங்கும் எழுதவில்லை.

முதல் உறை எனக்கு.
ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்ததில்
மூடி எங்கோ விழுந்துவிட்டது.
அரைவை ஆலைத் தூசு தெருவில் இறங்கிய சாயங்காலம்
அவசரமாய் வாயில் வைத்து அழுத்தினேன்.
மருந்தோடு ஒரு நூல்பிசிறும் உள்ளே போனது.
இருமி இருமி வெளியே எடுத்தபோது
மெரூன் நிறம்.
காலையில் தைத்த சீட்டின் நிறம்.

அன்றிரவே ரெக்சின் வெட்டினேன்.
மூடி தொலையாதபடி ஒரு வாரில் கோத்து,
கறுப்பில்,
பார்த்தால் கண்ணாடிக்கூடு போல.
யாருக்கும் தெரியக்கூடாது.
அப்போது எனக்கு இருந்த ஒரே அளவு அதுதான்.

பிறகு சேவுகன் வந்தான்.
ஆலையில் மூட்டை ஏற்றுகிறவன்.
"எனக்கும் ஒண்ணு."
எங்கே வைப்பாய் என்றேன்.
கையை விரித்துக்கொண்டு நின்றான்.
இடுப்பில் கைலி, தலையில் சும்மாடு,
சட்டை போட்டால் மூட்டை வழுக்குமாம்.
பையே இல்லாத ஓர் உடம்பு
என் அளவுநாடாவின் முன்னால்.

இதுவரை எடைமேடைச் சுவரின் பொந்தில் வைத்திருக்கிறான்.
"லாரிலேருந்து நாப்பத்திரெண்டு எட்டு.
மூச்சு நல்லா இருக்கையில எண்ணுனது."

அந்த நாற்பத்திரண்டோடு
நான் பல ராத்திரி மிஷினில் உட்கார்ந்திருந்தேன்.
இடுப்பு பெல்ட்டில் வைத்ததை மூட்டை நசுக்கியது.
சும்மாட்டில் வைத்தது நெல்லுக்குள் விழுந்து
அரை நாள் தேடினார்கள்.
புஜத்தில் தாயத்துபோல் கட்டியதில்
வெல்க்ரோ முழுக்க உமி ஏறி
ஒட்ட மாட்டேன் என்றது.
உமியை ஜெயித்த வெல்க்ரோ புதுவயலில் இல்லை.

கடைசியில் அரைஞாண் கயிற்றிலேயே கோத்தேன்.
பின்னிடுப்பின் குழிவில் படிந்து கிடக்கும்படி.
வெயிலுக்கு உள்ளே ஆட்டோ கூரையின் வெள்ளித்தாள்.
கட்டைவிரல் ஒன்றே போதும், டக்கென்று திறக்கும் பொத்தான்.
சோதித்தது இப்படி:
கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து,
நெஞ்சு அடிக்க ஆரம்பித்த பிறகு திறக்க வேண்டும்.
இரண்டாம் முறை தடவினால்
அந்த மாதிரி குப்பைக்கு.

பீடிக்கட்டுக்கு ஓரத்தில் ஓர் அறை கேட்டான்.
வாயில் ஊசி இருந்ததால்
நான் திட்டியது அவனுக்குப் புரியவில்லை.

அது ஆறாவது. நன்றாகத்தான் இருந்தது.

மார்கழியில் கரண்ட் போன ஒரு ராத்திரி
குடோனில் மூட்டைகளுக்கு நடுவே சரிந்தான்.
"சேவுகனுக்கு இழுப்பு வந்துருச்சு!"
யாரோ கத்தியது சரியான சொல்தான்.
ஆனால் எங்கள் ஊரில் இழுப்பு இரண்டு:
ஒன்று மூச்சை இழுக்கும், ஒன்று கைகாலை இழுக்கும்.
ஓடிவந்தவர்கள்
குடோன் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்து
விரல்களை இறுக்கி மூடினார்கள்.
திறக்கிற கை அது.
கறுத்த முதுகில் கறுப்பு உறை, இருட்டு.
நான் அவ்வளவு சிரத்தையாய் மறைத்திருந்தேன்.

லாரி கிளீனர் பையன்
புரட்டிப் படுக்க வைக்கும்போது
அவன் உள்ளங்கையில் பொத்தான் இடறியது.
டக்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்து
சாவி பதிந்த கையைக் காட்டினான்.
பீடி அறை பற்றிப் பேசவில்லை.

ஏழாவது,
கண்டனூர் ஷேர் ஆட்டோவுக்கு வெட்டியதில் மிஞ்சிய ஆரஞ்சு.
ஓரம் முழுக்க லாரியின் பின்னால் ஒட்டுகிற
சிவப்பு மினுக்குப் பட்டை.
மேலே பெயின்டில் என் கோணல் எழுத்து:
இது மூச்சு இழுப்பு. சாவி வேண்டாம்.
உட்கார வை. குலுக்கு. வாயில் வை.
இழுக்கும்போது அழுத்து.

கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.
எதிரே வந்த பஸ்ஸின் விளக்கில்
முனை திரும்பும்வரை அவன் இடுப்பு தெரிந்தது.

அதே ஆரஞ்சில் இன்னொன்றும் வெட்டி வைத்திருக்கிறேன்,
என் அளவுக்கு.
மேஜையில் ஒரு வாரமாய்க் கிடக்கிறது.
வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து
யாருக்கு என்று கேட்கிறார்கள்.
இன்னும் பொத்தான் வைக்கவில்லை.