பத்துக்கு எத்தனை

எங்கட பக்கத்தில ஆறு கடக்கிற மிதவைக்குப்
பாதை எண்டுதான் பேர்.
குருமண்வெளியில ஏறினா மண்டூரில இறக்கும்.
எழுவான்கரையில அடகுக்கடை,
படுவான்கரையில தவணை.
நடுவில கொஞ்ச நேரம் தண்ணி.

வெள்ளாமை வெட்டின காசில
தோட்டை மீட்டுக்கொண்டு வாறன்.
சிவப்புக் கடதாசியைப் பிரிச்சு
பாதையிலேயே போட்டன்.
ஒம்பது மாதம் ஈர்க்குக் குத்தியிருந்த துளை
முதல்ல மறுத்து
பிறகு விட்டது.
காது கனத்தது.

கெம்பஸ் பிள்ளை ஒண்டு, டிலக்சனாவாம்,
படிவத்தோட பக்கத்தில வந்து இருந்தது.
"எத்தனை கடன் அன்ரி?"
மூண்டு எண்டன்.
தையல் மெசினுக்கு ஒண்டு,
தண்ணி மோட்டருக்கு ஒண்டு,
அந்த ரெண்டையும் கட்ட எடுத்தது ஒண்டு.
"சந்தோசம், பத்துக்கு எத்தனை?"

என்னத்தைச் சொல்ல.
கடன் கிடைச்ச அண்டைக்கு ஒம்பது, பிள்ளை.
குழுவில ஆறு பேரையும் நிரையா விட்டுப் படம் பிடிச்சாங்க.
நான் பல்லுத் தெரியச் சிரிச்ச ஒரே படம்
களுவாஞ்சிக்குடி ஒபிஸில
ஒரு ஃபைலுக்குள்ள கிடக்கு.
அதை மீட்க எவ்வளவு வட்டி கேப்பாங்களோ தெரியாது.

செவ்வாய்க்கிழமை
திங்கள் இரவே தொடங்கிடும்.
கறிக்கு உப்புப் போட்டனா எண்டது மறக்கும்.
மகன் ஏதோ கேப்பான், அடிச்சிருவன்.
அவன் கேட்டது பென்சில் எண்டது
புதன்கிழமைதான் காதில விழும்.

ஆனா ஒரு செவ்வாய்,
காசு சேராம, ஆறு பேரும்
கோழிக்கூட்டுக்குப் பின்னால குந்தியிருந்தம்.
படலையில மோட்டார் சைக்கிள் உறுமுது.
கோமளேஸ்வரியிட தலையில
சேவல் ஏறி நிண்டது.
அவள் அசையவேயில்ல,
போட்டோவுக்கு நிக்கிற மாதிரி.
சீலைத் தலைப்பை வாயில அடைச்சுக்கொண்டு
வயிறு நோகச் சிரிச்சம்.
அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில போடுவாய்?
கோமளேஸ் பிறகு குவைத்துக்குப் போயிட்டாள்.
அவளிட பங்கையும் நாங்கதான் கட்டுறம்.
அதையும் எழுது.

பிள்ளை பேனையைக் கடிச்சுது.
அப்பதான் கண்டன்:
மற்ற மூலையில, ஹெல்மெட் கழற்றாம,
தவணைப் பொடியன்.
கொண்டையை அவிழ்த்து
ரெண்டு காதையும் மூடினன்.
பொன்னைக் கண்டா விடமாட்டான்.

"அஞ்சு போடட்டா அன்ரி?"
போடு.

மறுகா அவள் எழும்பி அவனிட்டப் போனாள்.
அதே படிவம். அதே கேள்வி.
லீசிங் கம்பனி ஸ்டிக்கர் ஒட்டின பெற்றோல் டாங்கியை
நகத்தால சுரண்டிக்கொண்டு,
தண்ணியைப் பார்த்து
அவன் ஏதோ ஒரு எண் சொன்னான்.

எஞ்சின் சத்தத்தில கேக்கல்ல.
கூந்தலை ஒதுக்கியும் பார்த்தன்.